நாளொன்றுக்கு ஐயாயிரம்

சீனன்குடா மா ஆலையில்
பகலெல்லாம் மூடை எண்ணுகிறேன்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
லொறி வெளிக்கிட்டதும் கையெழுத்து.
இரவில் ஓர்ஸ்ஹில் அறையில்
சொல் எண்ணுகிறேன்.

நாளொன்றுக்கு ஐயாயிரம்:
ரெஜிஸும் நானும் போட்ட ஒப்பந்தம்.
பன்னிரண்டு அடிக்க முதல்
போனில் இலக்கம் வரவேணும்.
இலக்கம் மட்டும்.
சாப்பிட்டியோ, காய்ச்சல் விட்டதோ
ஒன்றும் இல்லை.
ஒருநாள் ஏழாயிரத்து முந்நூறு என்று அனுப்பினான்.
விடியும்வரை முகட்டைப் பார்த்துக் கிடந்தேன்.

நாற்பதாம் நாள் ஒரு வித்தை பிடிபட்டது.
'வந்துகொண்டிருந்தாள்' ஒரு சொல்.
'வந்து கொண்டு இருந்தாள்' மூன்று.
அதற்குப் பிறகு என் நாவலில் ஒருத்தி
உட்துறைமுக வீதியால்
வந்து கொண்டு இருந்தாள்,
வந்து கொண்டே இருந்தாள்,
நாலு அத்தியாயம் கடந்தும்
வீடு வந்து சேரவில்லை.
மா மூடைக்குள் தவிடு கலந்து
நிறை காட்டியவனை
போன மாசம் நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.

பஸ் நிலையத்தில் ஒரு மான்
சோற்றுப் பார்சல் தாளைத் தின்றது.
ஒரு தாள், இன்னொரு தாள்,
நிமிர்ந்தும் பார்க்கவில்லை.
அதற்கும் ஏதோ இலக்கு இருக்கும்
என்று நினைத்தபடி பஸ் ஏறினேன்.

கார்த்திகை மழை. கரண்ட் இல்லை.
லப்டொப் பற்றரி சாகக் கிடக்க
நாலாயிரத்து அறுநூறில் நிற்கிறேன்.
போன் அதிர்ந்தது.
இலக்கம் இல்லை.
'அம்மா போய்விட்டா.'

இரண்டு.
பிரித்தால் மூன்று.

அதன் பிறகுதான்
அதில் அம்மா இருந்தது தெரிந்தது.

பாலையூற்றுக்கு ஓட்டோ பிடித்துப் போனேன்.
குசினி வாசலில் நின்றான் ரெஜிஸ்,
கண் வீங்கி, சேட் பொத்தான் மாறிப் பூட்டி.
"இண்டைக்கு எத்தினை மச்சான்?"
"எழுதேல்லை."
"நானும்தான்."
என்னுடையது பொய்.
ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில்
மடியில் லப்டொப்போடு அவன் இருந்ததை
தங்கச்சிக்காரி ஆருக்கோ சொல்லி அழுதது
உள்ளேயிருந்து கேட்டது.

முற்றத்தில் வாடகைக் கதிரைகள் இறங்கின.
நனைந்த துண்டை நீட்டினான் பெடியன்:
"எண்ணிப் பாத்திட்டு
ஒரு கையெழுத்து வையுங்கோ அண்ணை."

எண்ணவில்லை.
வைத்தேன்.