இடவலமாக

ரூசே துறைமுகத்தின் மூன்றாம் எண் கிரேன்
இருபத்தேழு வருடமாக வெலிச்கோவுடையது.
ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று,
டான்யூப்பின் மேல் மூடுபனி விலகக் காத்திருக்கையில்
எத்தனை என்று அவருக்கே தெரியாது.
"நாற்பது என்று எழுதுங்கள்."
நாற்பத்தைந்து என்று எழுதினேன்.
நானும் ஒரு காலத்தில்
பதினெட்டைப் பன்னிரண்டு என்றவள்தான்.

விட விருப்பமா என்றேன்.
தலையை இடவலமாக அசைத்தார்.
எங்கள் ஊரில் அதற்கு ஆம் என்று பொருள்.
போன வருடம் வெளிநாட்டிலிருந்து வந்த மருத்துவர் ஒருவர்
இதே அசைவைப் பார்த்துக் கோப்பை மூடிவிட்டார்.
ஒரு வருடம் புகையாய்ப் போயிற்று.

நான் நுரையீரல் படம் காட்டுவதில்லை.
அது பெட்டியின் மேலேயே இருக்கிறது,
பார்த்துவிட்டுத்தான் பிரிக்கிறார்.
எதை விடுவது எல்லாவற்றிலும் கஷ்டம்?
நெடுநேரம் ஜன்னலைப் பார்த்தார்.
"காலையில் முதல் பெட்டகத்தைப்
பிசகாமல் இறக்கிவைத்ததும் பிடிப்பதை.
அவ்வளவு உயரத்தில் என்னைத் தட்டிக்கொடுக்க
வேறு யார் இருக்கிறார்கள்?"
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

மாத்திரை, மருத்துவமனை முற்றத்தில் நிற்கும்
மரத்தின் விதையில் பிறந்தது.
மே மாதம் கொன்றை போல் மஞ்சளாய்ச் சரம்விடும்.
விதையைக் குழந்தை வாயில் வைத்தால் ஓடிப்போய்ப் பிடுங்குவோம்.
போர்க்காலத்தில் புகையிலை கிடைக்காதவர்கள்
அதன் இலையைச் சுருட்டிப் பிடித்ததாகச் சொல்வார்கள்.
"அப்படியானால் ஏமாற்று வேலை" என்றார்.
ஆமாம். மூளையில் நிகோடின் உட்காரும் நாற்காலியில்
இது முந்திப் போய் உட்கார்ந்துகொள்ளும்.
"நிற்கிறவன் சும்மா இருப்பானா?"
கத்துவான். மூன்று நிமிடம், மிஞ்சினால் ஐந்து.
அதற்குள் எத்தனை பெட்டகம் இறக்குவீர்கள்?
"இரண்டு" என்றார். "காற்று அடிக்காவிட்டால்."

முதல் மூன்று நாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று.
ஐந்தாம் நாள் புகை நிற்க வேண்டும்.
ஐந்தாம் நாள் இரவு போன் செய்தார்.
"நாக்கு மரப்பட்டை மாதிரி இருக்கிறது.
கனவில் ஒன்று பிடித்துவிட்டேன், கணக்கில் சேருமா?"
சேராது.
"அப்படியானால் சீக்கிரம் தூங்கப் போகிறேன்."
பின்னால் பால்கனிக் கதவு திறக்கும் சத்தம்.
நெவேனா. அவள் பெட்டி அவளுக்கு.

பத்தொன்பதாம் நாள் கம்பிவடம் நழுவியது.
பெட்டகம் ஒருபக்கம் சாய்ந்து தொங்கியது,
நேர் கீழே ஸ்தாமென், வாயைப் பிளந்தபடி.
ஒன்றும் ஆகவில்லை.
இறங்கி வந்த கை நடுங்க, யாரோ நல்ல மனசுக்காரன்
பற்றவைத்ததையே உதட்டில் செருகினான்.

முன்பதிவில்லாமல் வந்து உட்கார்ந்தார்.
அறை முழுக்க அந்த வாசனை.
எனக்கும் நாக்கு ஊறியது, பன்னிரண்டு வருடம் கழித்தும்.
"முடிந்தது" என்றார்.
எத்தனை?
"நான்கு."
இந்த முறை நான்கு என்றே எழுதினேன்.
மாத்திரை அட்டையை எடுத்துவைத்து
தோளில் நிகோடின் பட்டை ஒட்டினோம்,
சட்டைப் பையில் சூயிங்கம், நாட்காட்டியில் வேறு தேதி.
பிறகு ஓரத்தில் எழுதியதை வாசித்துக் காட்டினேன்.
முகம் சிவந்தது. "அதையுமா எழுதினீர்கள்?"

அதை ஸ்தாமெனிடம் அவராகவே சொல்லியிருக்கிறார்,
எப்படிச் சொன்னார் என்பதை என்னிடம் சொல்லவில்லை.
இப்போது தினமும் காலையில்
முதல் பெட்டகம் தரையைத் தொட்டதும்
வயர்லெஸ் கரகரக்கிறதாம்:
"பூ மாதிரி வைத்தாய், கிழவா."
சில நாள் ஸ்தாமென் மறந்துவிடுகிறான்.
அந்த நாட்களில் இரண்டு சூயிங்கம்.

இன்று ஏழாம் மாதம்.
கருவியில் ஊதினார். மூன்று.
இடையில் ஏதாவது பிடித்தீர்களா?
தலை மேலும் கீழும் போனது, நிதானமாக, இரண்டு முறை.

வெளியே பெஞ்சில் நெவேனா,
கோட்டுப் பையில் கையை விட்டு
எதையோ நெருடிக்கொண்டிருந்தாள்.
அவரை அழைத்துப் போக வந்தவளாம்.
கதவைச் சாத்தப் போனவள், சாத்தவில்லை.
கொஞ்ச நேரம் உள்ளே வந்து உட்காருகிறீர்களா?

கணவரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்,
தலையை
இடவலமாக.