நான்காம் அடுக்கு

ஜே.சி. ரோட்டில் வாங்கினேன்,
இண்டிகேட்டர் பல்பு, பன்னிரண்டு வோல்ட், இருபத்தைந்து ரூபாய்.
"எந்த வண்டிக்கு?" என்றார் கடைக்காரர்.
கரும்பொருளுக்கு என்று கன்னடத்தில் எப்படிச் சொல்வது?
மாருதி என்றேன்.
பில் கேட்கவில்லை. கௌரவ விரிவுரையாளருக்கு
பில் எழுதித் தருகிறவர் யாரும் இல்லை.

உலையோடு வரும் கருவி நாலு லட்சம்.
அதன் கோப்பு இரண்டு வருடமாக முதல்வர் மேஜையில்
குளிர்ந்துகொண்டிருக்கிறது.

எனவே இது. ஒரு பல்பு, இரண்டு மல்டிமீட்டர்,
ஒன்றின் பின்மூடிக்குப் பதில் ரப்பர்பேண்ட்.
முதலில் குளிர்ந்த இழையின் தடையை அளந்துகொள்.
பிறகு வோல்ட்டை ஏற்று. தடையும் ஏறும்,
ஏறிய தடை சூட்டைச் சொல்லிவிடும்.
தெர்மாமீட்டர் உருகிப்போகும் இரண்டாயிரம் கெல்வினை
ஒரு வகுத்தலில், ஓர் அட்டவணையில் பிடிக்கலாம்
என்றபோது மட்டும்
கடைசி பெஞ்சு போனைக் கவிழ்த்து வைத்தது.

பியூலா தாமதம். மாரிக்குப்பத்து ரயில்
கே.ஆர். புரத்தில் சிக்னலுக்கு நின்றுவிட்டதாம்.
பையைக் கழற்றாமலே குமிழைத் திருகினாள்.
அரை வோல்ட்: ஒன்றுமில்லை.
ஒன்று: கண்ணுக்கு ஒன்றுமில்லை, மீட்டருக்கு உண்டு.
இரண்டில் சிவப்பாக ஒரு மயிரிழை.
ஐந்தில் பூசணிப்பூ.
பன்னிரண்டில் பார்க்காதீர்கள் என்றேன்,
பார்த்தார்கள்.

லாக் தாளில் மேல்புள்ளிகள்
கட்டெறும்பு வரிசை. சாய்வு நான்குக்குப் பக்கம்.
கீழே முதல் மூன்று மட்டும் கோட்டோடு சேரவில்லை.
சன்னபசவா ரப்பரை எடுத்தான்.
"மார்க் போகும் மேடம். போன வருஷ ரிக்கார்டுல
எல்லாருக்கும் நாலு. கரெக்டா நாலு."

பியூலா நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.
"மூணும் கோட்டுக்கு மேல இருக்கு, பாருடா.
கொடுத்ததுல கொஞ்சம் கதிரா போகல.
கம்பி வழியா இறங்கியிருக்கு.
எரியறதுக்கு முன்னாடியே அடித்தகரத்தைத் தொட்டேன்,
வெதுவெதுன்னு இருந்துச்சு.
சூடு ஏற ஏறத்தான் கதிர் முந்துது."

அதைச் சொல்வதற்கு
பதினோரு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.
மடித்துக் கைப்பையில் போட்டேன்.

சாய்வு: 3.7. புள்ளிகள் எதுவும் நீக்கப்படவில்லை.
கையெழுத்திட்டேன். வெளித்தேர்வாளர்
சிவப்பில் வட்டம் போடுவார், போடட்டும்.

ஆறு இருபது ரயிலுக்கு அவள் ஓடினாள்.
சன்னபசவா ரப்பரை விட்டுப் போயிருந்தான்.
நாளை பி பேட்ச்சுக்கும் இதே பல்பு.
அட்டைப்பெட்டிக்குள் வைக்க முடியாத சூடு இன்னும்.
விளக்கணைத்த ஆய்வகத்தில், ஸ்டூலில்,
அது ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.