எட்டுக் கட்டம்

சேலம் பெரியாஸ்பத்திரி, மூன்றாம் மாடி,
பதினெட்டாம் கட்டில். சென்றாயன்,
ஏற்காடு பஸ் ஓட்டுகிறவர்.
பல் பிடுங்கிய பின் வந்த காய்ச்சல்
ஒரு மாதம் மாத்திரைக்குள் ஒளிந்தபடி
இருபது கொண்டை ஊசியும் ஏறி இறங்கியிருக்கிறது
அவரோடு.

காலை ஆறரைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவேன்.
மார்பில் ஆறு, கைகால்களில் நான்கு.
குளிர்ந்த பசை பட்டதும்
"மலைல டிசம்பர் மாதிரி" என்பார்.
நகங்களுக்கு அடியில் சிராய் ஏறியது போல
மெல்லிய ரத்தக் கோடுகள்.
கிரீஸ் என்று நினைத்துத்
துடைத்துக்கொண்டே இருந்தார்.

திங்கள்கிழமை எனக்குத் தொழில் சொன்னார்:
"வளைவுக்கு முன்னால ஹாரன் அடிக்கணும்.
மேலருந்து பதில் வந்தா ஒதுங்கி நிக்கணும்.
வரலைன்னா போயிரலாம்.
ரெண்டுக்கும் நடுவுல துளி நேரம் இருக்கு பாருங்க,
அதுக்குத்தான் நமக்குச் சம்பளம்."

எனக்கும் அதற்குத்தான் என்று சொல்லவில்லை.

அவர் மலையைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல
மேலறை கூப்பிடும், கீழறை பதில் சொல்லும்.
நடுவே காகிதத்தில் நாலு சின்னக் கட்டம்;
ஐந்து வரை பொறுக்கலாம்.
திங்கள் ஐந்து.
புதன் ஆறரை.
வியாழன் மெஷின் பழுது.
இன்று எட்டு.

வால்வில் கூடு கட்டிய கிருமி
வேருக்கு இறங்கிச் சீழ் வைத்தால்
பக்கத்தில் போகும் கம்பியை அரித்துவிடும்
என்றிருந்தார் டாக்டர்.
முகத்தில் ஒன்றும் தெரியாது.
காய்ச்சல்கூட நேற்றே இறங்கிவிட்டது;
அந்தச் சந்தோஷத்தில் பூங்காவனம்
கோட்டை மாரிக்கு உப்பும் மிளகும் கொட்டிவிட்டு
ஈரத்தலையோடு வந்து நிற்கிறாள்.
"கோடு நல்லா ஓடுதுங்களா?"

நாங்கள் பதில் சொல்லக்கூடாது.
ரிசல்ட் டாக்டர் சொல்வதுதான் வழக்கம்.
காகிதத்தைக் கிழிக்காமலே இழுத்துக்கொண்டு
நர்ஸ் மேசைக்கு ஓடினேன்.
யாரோ போனில் கத்துகிறார்கள்,
கழுத்து வழியாகக் கம்பி இறக்க வேண்டும்,
ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லுங்கள்,
லிஃப்ட் எங்கே.

அதற்குள் மானிட்டரில்
மேலே ஒரு ஹாரன்.
இன்னொன்று.
கீழே
சத்தமில்லை.

சென்றாயன் கண் விழித்து என்னையே பார்க்கிறார்,
பதில் வரலைன்னா போயிரலாம் என்ற மனுஷன்.

அண்ணே, போயிராதீங்க.
பிரேக்கை மிதிங்க.
எதிர்ல வண்டி வருது,
எனக்குக் கேக்குது,
கொஞ்சம் லேட்டாத்தான் அடிக்கிறான்,
நில்லுங்க.