பாதி விசைப்பலகை

ரோவல் ரோட்டில், மீன்கடைக்கு மேல்மாடியில்,
சம்பளப் புகார் எழுதித் தர
நாங்கள் மூன்று பேர், ஒரே கணினி.
ஷாகுலுக்குப் பழைய தட்டச்சு முறை.
தேன்மொழிக்குத் தமிழ் தொண்ணூற்றொன்பது.
நான், ஏ எம் எம் ஏ என்று தட்டி
அம்மாவை வரவழைக்கிறவள்.

கடைசியாக யார் உட்கார்ந்து எழுந்து போனார்கள் என்பது
அடுத்தவரின் முதல் சொல்லில் தெரிந்துவிடும்.
அந்த ஞாயிறு 'பணம்' என்று தட்டினேன்.
திரையில் 'ணலர'.
ண-வில் தொடங்கும் சொல்லே தமிழில் கிடையாதே என்றேன்.
"பணமும்தான் கிடையாது, நாலு மாசமா"
என்றார் எதிரில் இருந்தவர்.

மருதையன். துவாஸில் கம்பி கட்டும் வேலை.
இடக்கையில் முழங்கை வரை வெள்ளைக்கட்டு.
"தொண்ணூத்தொம்பதுல இருக்குங்க. மாத்தாதீங்க."
அரியலூரில் எட்டு மாதம்
ஏதோ பட்டியலுக்குப் பெயர் அடித்தவராம்,
பெயருக்கு முப்பது காசு.
"நானே அடிக்கிறேன்.
நீங்க எழுதினா உங்க தமிழாயிடும்."

வலக்கையை வைத்தார்.
பிறகு இடக்கையைப் பார்த்தார்.
உயிரெழுத்து எல்லாம் இடக்கைக்கு,
மெய் வலக்கைக்கு, அப்படியாம் அந்த முறை.
பதினைந்து வருடம் தமிழ் அடித்தும்
எனக்கு அன்றுதான் தெரியும்.

நாற்காலியை இழுத்து அவருக்கு இடப்பக்கம் போட்டேன்.
முதல் சொல் 'நான்'.
ந அவர் தட்டினார். ஆ எங்கே?
"மேல் வரிசை, ஓரத்துல."
என் ஆள்காட்டி விரல் கோழி மாதிரி கொத்தியது.
அவர் கை காத்திருந்தது,
ஓடிவரும் பயணிக்காகக்
கதவைத் திறந்தே வைத்திருக்கும் பேருந்தாக.

'கை' எழுத இரண்டு கை வேண்டியிருந்தது.
க அவர், ஐ நான்.

வ-வும் ங-வும் மட்டும் வீடு மாறி
என் பக்கம் குடியிருக்கின்றன.
அதனால் 'விபத்து' என்னிடம்தான் தொடங்கியது.
வ. இ.
அவர் ப. ஒரு த. இன்னொரு த.
முன்னதின் தலையில் புள்ளி விழுந்தது.
நான் தட்டவில்லை என்றேன்,
யாரோ விசாரித்தது போல.
"யாரும் தட்ட வேண்டாங்க. தானா விழும்."
அப்புறம் கொஞ்ச நேரம்
மின்விசிறிச் சத்தம் மட்டும்.
உ மிச்சம் இருந்தது.
தட்டினேன்.

'தத்தளித்தேன்' சண்டித்தனம் செய்தது.
ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால்
முதலாவதன் வாயை அடைத்துவிடுகிறது இந்த ஏற்பாடு.
இரண்டுக்கும் குரல் வேண்டுமானால்
நடுவில் ஓர் அ தட்ட வேண்டும்.
தட்டிய அ திரையில் தெரியாது.
தட்டாவிட்டால் தெரியும்.

ஒன்பதரைக்கு லாரி.
ஒன்பது இருபதுக்கு மேற்பார்வையாளர் வரை வந்திருந்தோம்.
ஒ-வுக்குப் பக்கத்திலேயே ஓ,
அவசரத்தில் 'சொன்னார்' எல்லாம் 'சோன்னார்' ஆனது.
இருக்கட்டும் என்றார்.
அமைச்சில் அதையா பார்க்கப்போகிறார்கள்.
கீழே ஹாரன் அடித்தது.
பையில் பாதி குடித்த தே-ஓவை
மேசைக்காலில் கட்டித் தொங்கவிட்டபடியே
மறந்துவிட்டு இறங்கினார்.
எறும்பு வந்த பிறகுதான் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு குறுஞ்செய்தி:
'பாதி வந்துடுச்சுங்க'.
பணமா, விரலா,
எதில் பாதி என்று கேட்கத் துணியவில்லை.
நல்லது என்று அனுப்பினேன், பழைய முறையில்.

இப்போதெல்லாம் டோபி காட்டில் ரயில் மாறும்வரை
தோள்பை மேல் இடக்கை விரல்கள்
தாமாகவே அடித்துக்கொள்கின்றன:
ஆ ஈ ஊ ஐ ஏ.
வலக்கை கம்பியைப் பிடித்திருக்கிறது.
அதற்கு இன்னும்
ஒரு மெய்யும் தெரியாது.