போர்வைக்குள் இருப்பது

கரூ சமவெளியில் கைபேசிக்கு அனுமதி இல்லை.
டீசல் வண்டி மட்டும்தான். தீப்பொறியில் ஓடும்
பெட்ரோல் எஞ்சின்கூட இங்கே கூச்சல்.
வெள்ளைத் தட்டுகள் வரிசையாய்
வானத்துக்குக் காது கொடுத்து நிற்கின்றன.

மூன்று வாரமாய் எனக்கு ஒரே ஒரு விண்மீன் மண்டலம்.
கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது பரம சாது.
சாய்ந்து கிடக்கும் தட்டு, குறுக்கே ஒரு தூசிக்கோடு.
பழைய பட்டியலில் அதன் எதிரே
"குறிப்பிட ஏதுமில்லை" என்றிருந்தது.
ரேடியோவில் மட்டும் நட்டநடுவே
ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளி.

நம்பலாமா?
தினமும் மாலை ஏழு மணிக்கு
இன்னொரு புள்ளியும் குத்தியதே.
அது வானத்திலிருந்து வரவில்லை.

ஃப்ளோரிஸின் பண்ணைக்கு நாற்பது கிலோமீட்டர்.
"மைக்ரோவேவா? என்னிடமா?"
ஆட்டு ரோமம் ஒட்டிய கையால் தொப்பியைக் கழற்றினார்.
சமையலறை மூலையில் ஒரு பெட்டி,
பெட்டிமேல் ஒட்டுப்போட்ட கம்பளி,
கம்பளிமேல் பூனை.
வெளியே ஜூலை இருட்டு, குழாயில் தண்ணீர் உறைந்திருந்தது.
பூனை எழுந்திருக்க மறுத்தது.
அதன் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன்.
சூடு.

"நேற்றைய ஆட்டுக்கறி," என்றார் கடைசியில்.
"ஒருத்தனுக்காக யார் அடுப்பு மூட்டுவது, ரெஃபில்வே?"
இருவரும் சாப்பிட்டோம்.
வயரைச் சுருட்டி அவரே என் வண்டியில் ஏற்றினார்.

திரும்பியதும் முதல் வேலையாக
அகச்சிவப்புப் படத்தைத் திறந்தேன்.
அந்தத் தூசி எப்படி இருக்கிறது?
கொதித்தது.
விண்மீன்கள் பிறக்கும் இளஞ்சூடு அல்ல அது.
உள்ளே எதுவோ எரிய, அந்த ஒளியையெல்லாம் விழுங்கி
வெப்பமாய்க் கசியவிட்டுக்கொண்டிருந்தது தூசி.

பிறகு எக்ஸ் கதிர். இரண்டு நாள் இமைக்காமல் பார்த்த
விண்கலம் ஒன்றின் கோப்பில்
பதினோரு ஃபோட்டான்கள்.
ஒரு விரல் கடன் வாங்கினால் எண்ணி முடித்துவிடலாம்.
பதினொன்றும் முரட்டு ஆற்றல் கொண்டவை.
மென்மையானது ஒன்றுகூட
அந்தச் சுவரைத் தாண்டி உயிரோடு வரவில்லை.

கேப் டவுனிலிருந்து அனேலிசா தொலைபேசியில் கேட்டாள்:
"இதில் பின்னணி இரைச்சல் எவ்வளவு இருக்கும்?"
"மூன்று."
கம்பியில் கொஞ்ச நேரம் வெறும் மூச்சு.
"சரி. எழுது."

மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு
இத்தனை காலம் ஒன்றும் தெரியாதவளாய்
உட்கார்ந்திருந்தாயே, அடி கள்ளி!
உனக்கு எதிரே எழுதியிருந்ததை அடித்தேன்.
புதிதாய் என்ன எழுதுவது என்று
பேனாவை உருட்டிக்கொண்டிருக்கையில்
மணி ஏழு.
திரையில் எதுவும் குத்தவில்லை.
நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒருவர்
ஆறிப்போன கறியை
மென்றுகொண்டிருப்பார்.