முப்பது நாள்

சேரம்பாடி, காலை ஆறே முக்கால்.
பனி வந்து அண்ணனை இடுப்புக்குக் கீழே அழித்துவிட்டது.
கொஞ்சம் பொறுங்கண்ணே, மிதக்குற மாதிரி இருக்கீங்க
என்றான் மெல்வின்.
இந்த மாதம் மிதக்கக் கூடாது.
‘நம்மில் ஒருவர்’ என்று
சென்னையிலிருந்து குறிப்பு வந்திருக்கிறது.

புது ஷூவில் நான்தான் சேறு தேய்த்தேன்.
சட்டைக் கையை முழங்கைக்கு இரண்டு விரல் கீழே மடித்தேன்;
அதற்கு மேலே போனால் ரவுடி,
இறங்கினால் ஆபீசர்.

சிவபாக்கியம் அக்காவின் கொழுந்துக் கூடையை
அண்ணன் வாங்கிச் சுமக்க வேண்டும், அவ்வளவுதான்.
முதல் தடவை அக்கா தரவில்லை.
இது எங் கணக்குல ஏறணும் சார் என்றார்.
அடுத்த தடவை
நெற்றிக்குப் போட வேண்டிய பட்டையை
அண்ணன் கழுத்தில் போட்டுக்கொண்டார்,
மாலை பழக்கம்.

மூன்றாவது நன்றாகத்தான் வந்தது,
கணுக்காலில் அட்டையைப் பார்க்கும் வரை.
அம்மா என்று துள்ளி
அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.
படங்கை ஒதுக்கி, முந்தி முடிச்சிலிருந்து
உப்பெடுத்து வைத்தார் அக்கா.
ஒண்ணுமில்ல சார், அதுக்கும் பசிக்கும்ல.
குனிந்தபடியே கேட்டார்:
ராத்திரியானா லயத்துக்குள்ளயே ஆனை நிக்குது,
பைப்படிகிட்ட ஒரு லைட்டு போட்டுத் தர்றீங்களா?

அண்ணன் கேமராவைப் பார்த்தார்.

நான்காவதைத்தான் ஏற்றினோம்.
நாற்பத்தொரு வினாடி, மேலே புல்லாங்குழல்.
மதியத்துக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.
எளிமை, எளிமை என்று எழுதினார்கள்,
யாரோ அழுததாகக்கூட.
அன்று அக்காவுக்கு ஏழு கிலோ குறைந்ததாம்,
சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அண்ணன் துள்ளியதை அழிக்கச் சொன்னார்கள்.
அக்கா கேட்டதை அழிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
இரண்டும் ஒரே கிளிப்.

நீக்கியதை முப்பது நாள் வைத்திருக்கிறது என் போன்.
இன்னும் பதினொன்று என்று காட்டுகிறது.
அதைத் திரும்ப எடுக்க ஒரு தட்டு போதும்.
எடுக்கவில்லை. மாதச் சம்பளம் வருகிறது.
சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்:
அட்டை சுருண்டு விழுகிறது,
வேர்த்திருக்கிறார் அண்ணன்,
இந்த வேர்வைக்கு நான் தண்ணீர் தெளிக்கவில்லை.
அக்காவின் வாய் அசைகிறது,
அண்ணனுக்குப் பிடித்த விளக்கில்
அவர் முகத்திலும் பாதி விழுந்திருக்கிறது.

நல்ல விளக்கு.
பேட்டரியில் எட்டு மணி நேரம் எரியும்.
நாள் வாடகை எண்ணூறு என்பதால்
இருட்டுவதற்குள்
கூடலூரில் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.