ஏற்கெனவே

அந்த டிக்கை வரைந்தது நான்தான்.
இரண்டே கோடு. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை.
முனை மழுங்கியிருந்தால் கண்ணுக்கு இதம் என்று
மூன்று நாள் இழைத்தேன்.
பச்சையா நீலமா என்று
ரதோவானோடு சண்டைகூடப் போட்டேன்.

பெட்டி காலியாக இருக்கட்டுமா
நிரம்பியே பிறக்கட்டுமா என்ற கேள்வி
ஒரு வியாழக்கிழமை வந்தது. நாலாம் மாடி.
கீழே பிர்னோவின் டிராம்கள்
பனிச்சேற்றை அரைத்துக்கொண்டிருந்தன.
விளம்பரக்காரர் பணத்தில்தான்
இந்தக் காபி, இந்த நாற்காலி என்றான் ரதோவான்.
பொய்யில்லை.
"யாருக்காவது ஆட்சேபம்?"
பதினோரு பேர். நான் கோப்பையின் விளிம்பைப் பார்த்தேன்.
குறிப்பேட்டில் ஒரு வரி: ஆட்சேபம் இல்லை.

மௌனம் சம்மதம் என்பார்கள்.
எங்களுக்கு அது தொழில்.

எதிர் ஃபிளாட் ஹினெக் பூட்டு வேலை செய்பவர்.
நவம்பரில் ஓர் இரவு, மனைவி உறங்கிய பின்
'வலது கை மட்டும் நடுங்குவது ஏன்'
என்று தட்டிக் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு தடவை.
காலையில் வானிலைப் பக்கத்தில் ஒரு கரண்டி.
கை நடுங்கினாலும் சூப் சிந்தாத கரண்டி.
ஹாக்கி ஸ்கோருக்குப் பக்கத்தில் கரண்டி.
டிராம் அட்டவணையில் கரண்டி.
கேக் செய்முறை தேடிய லிபுஷேயின் முன்னால்
அதே கரண்டி, தள்ளுபடி விலையில்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
அன்றிரவு சூப்பை
அரைக் கிண்ணம்தான் ஊற்றினாள்.

மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.
"டாக்டரிடம்கூடச் சொல்லவில்லையே, யார் சொன்னது?"
பூட்டில் கீறல் தேடுகிறவர் போலத்
திரையின் ஓரத்தைத் தடவினார்.
"உடைத்த அடையாளமே இல்லை."

உடைக்கவில்லை, ஹினெக்.
பூட்டாமலே கொடுத்திருந்தோம்.

மூன்று கோடு, அதற்குள் அமைப்புகள்,
அதற்குள் மேம்பட்டவை, அதற்குள் மற்றவை.
கடைசி அறையில் என் டிக்
மழுங்கல் முனையோடு, சமர்த்தாக.
எடுத்தேன். உடனே ஒரு கட்டம்:
நிச்சயமாகவா? சில பக்கங்கள் சரியாக இயங்காமல் போகலாம்.
வைத்தபோது அவரை யாரும் கேட்கவில்லை.
அந்த வாக்கியமும் என்னுடையதே.
'போகலாம்' என்ற சொல்லுக்கு அன்று கைதட்டினார்கள்.

'ஆம்' என்பதை அவரே அழுத்தட்டும் என்று நகர்ந்தேன்.
அம்புக்குறி பொத்தானைச் சுற்றித் துடித்தது.
இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
கிளிக்.

கரண்டி இன்னும் சில நாள் வரும் என்றேன்.
"வராமலா? சாவியை மாற்றினாலும்
உள்ளே வந்து போனவனுக்கு
அலமாரி எங்கேயென்று மறக்குமா?"

போகிறபோது என் கதவருகே குனிந்தார்.
"மலிவுச் சரக்கு. வியாழக்கிழமை மாற்றித் தருகிறேன்."
வியாழக்கிழமை
எனக்குக் கூட்டம் இருக்கிறது என்றேன்.